சடச்சி: மேகமலை அடிவாரத்தில் ஒரு லிண்டன் இலை

பழனிசெட்டிபட்டியில் லிண்டன் மரம் கிடையாது. கம்பம் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று கூடலூர் வரை போனாலும் ஒன்றுகூடத் தென்படாது. ஆனாலும் ரஷ்யக் கதைகளையும் ஜெர்மன் கவிதைகளையும் மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதுதான். பண்ணை வீட்டுக்குப் போகும் பாதையின் இருபுறமும் அது நிற்கும். கோடை இரவில் அதன் வாசனை சன்னல் வழியே வரும். காதலர்கள் அதன் அடியில்தான் சந்திப்பார்கள். நம் கதைகளில் ஆலமரமும் புங்கைமரமும் செய்கிற வேலையை அங்கே இந்த மரம் செய்கிறது.

இங்கிலாந்துக்காரர்கள் இதே மரத்தை ‘லைம்’ என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் பார்த்து எலுமிச்சை என்று எழுதிவிட்டால் கதையே கெட்டது. எண்பது அடி உயர மரங்கள் வரிசையாக நிற்கும் நெடுஞ்சாலை, முள் நிறைந்த எலுமிச்சைத் தோப்பாகிவிடும். இரண்டு மரத்துக்கும் எந்த உறவும் இல்லை. லிண்டனுக்கு உறவு வேண்டுமென்றால் நம் மலையடிவாரத்தில்தான் தேட வேண்டும். அந்த உறவைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் லிண்டன். தாவரவியலில் அதன் பேரினப் பெயர் டிலியா. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் குளிர்காலம் உள்ள பகுதிகளில் ஏறத்தாழ 30 இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் காடுகளில் முக்கியமானவை இரண்டு: சிறிய இலை லிண்டன், பெரிய இலை லிண்டன். இலை இதய வடிவம். விளிம்பில் பல்போன்ற வெட்டுகள். ஒரு சின்ன அடையாளம் உண்டு. இலைக்காம்பு சேரும் இடத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் சற்று இறங்கி, கோணலாக நிற்கும். இந்தக் கோணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பூங்கொத்தின் காம்போடு நாக்கு போல நீண்ட, வெளிறிய ஓர் இலைச்செதில் ஒட்டியிருக்கும். மரங்களில் இது அபூர்வமான அமைப்பு. பூ முடிந்து பட்டாணி அளவுக் காய்கள் விளைந்ததும் அந்தச் செதில் காற்றாடியாகிவிடும். கொத்தோடு சுழன்று, தாய்மரத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் விழும். விழுந்த விதை உடனே முளைக்காது. தோல் கடினம், அதோடு ஈரமும் குளிரும் சேர்ந்த ஒரு நீண்ட காலத்தைக் கடந்தால்தான் உள்ளிருக்கும் முளை விழிக்கும். பல விதைகள் இரண்டாவது பனிக்காலத்தையும் தாண்டித்தான் எழுந்திருக்கின்றன. தேனியின் மார்கழிப் பனி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், குளிரை நம்பி வாழும் இந்த மரத்துக்குக் குளிர் கூடினாலும் ஆகாது. இங்கிலாந்தின் வடபகுதியில் சிறிய இலை லிண்டன் பூக்கும், ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் விதை பிடிக்காது. மகரந்தக் குழல் வளரத் தேவையான கோடைச் சூடு அங்கே போதவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பழைய வெதுவெதுப்பான காலத்தில் வேர்பிடித்த மரங்கள் அடியிலிருந்து திரும்பத் திரும்பத் துளிர்த்தே அங்கே நூற்றாண்டுகளைக் கடத்துகின்றன. வெட்டினால் துளிர்க்கும் குணம்தான் அதன் ஆயுள்.

பயன் என்று வந்தால் ஐரோப்பாவில் இம்மரத்தின் முதல் பெருமை பட்டை. பூவும் நிழலும் பிறகுதான். மரப்பட்டையின் உட்புறத்தில் நார் அடுக்கடுக்காக இருக்கும். கோடையின் தொடக்கத்தில், சாறு ஏறும் பருவத்தில், பட்டையை நீளவாக்கில் உரித்து வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. ஊறியதும் அடுக்குகள் தாள் தாளாகப் பிரியும். அதில் கயிறு, பாய், பை, மீன்வலை எல்லாம் செய்தார்கள். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து 5,000 ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் இடுப்புக் கத்தியின் உறை லிண்டன் நாரில் பின்னப்பட்டது. ரஷ்யக் குடியானவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அணிந்த ‘லப்தி’ என்ற செருப்பும் இதே நார்தான். ஒரு சோடிக்குச் சில இளமரங்களின் பட்டை வேண்டும், அதுவும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஏழையின் காலுக்குக் காடு எவ்வளவு கொடுத்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

மரக்கட்டை மென்மையானது, ஒரு கன மீட்டர் காய்ந்த கட்டை ஏறத்தாழ 500 கிலோதான் வரும். இழை ஒரே சீராக இருப்பதால் எந்தத் திசையில் உளி ஓட்டினாலும் பிளக்காது. கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைக்காரர்களுக்கு வெப்பாலை எப்படியோ, ஜெர்மன் சிற்பிகளுக்கு லிண்டன் அப்படி. வைட் ஸ்டாஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை உழைத்து போலந்தின் கிராக்கோவ் நகர தேவாலயத்துக்குச் செய்த பலிபீடத்தின் உருவங்கள் லிண்டனில் செதுக்கியவை. பெரியவை ஆள் உயரத்தையும் தாண்டும். கன்னத்துச் சுருக்கமும் கைநரம்பும் அந்தக் கட்டையில் நிற்கின்றன. ஆனால் வெயில், மழை, பூச்சி எதையும் அந்தக் கட்டை தாங்காது. வெளிவேலைக்கு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

காய்ந்த பூவைக் கொதிநீரில் போட்டுக் குடிப்பது அங்கே பாட்டி வைத்தியம். நமக்குச் சுக்குக் கஷாயம் போல. சளிக்கும் லேசான மன அழுத்தத்துக்கும் மரபுவழி மூலிகையாக ஐரோப்பிய மருந்து முகமை அதை ஏற்றிருக்கிறது. நெடுநாள் வழக்கத்தின் அடிப்படையில் தந்த ஏற்பு அது. மருத்துவச் சோதனைகள் நிரூபித்த மருந்து என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். பூவில் தேனீக்கள் மொய்ப்பதால் லிண்டன் தேனுக்குத் தனிச் சந்தை இருக்கிறது.

இந்த மரத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெயர்ச் செய்தி. உலகத்துச் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் கார்ல் லின்னேயஸின் குடும்பப் பெயரே லிண்டனிலிருந்து வந்ததுதான். அவர் அப்பா நீல்ஸ் பாதிரியார் படிப்புக்குப் போனபோது நிலையான குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். உறவினர்களில் வேறு சிலர் அதே மரத்தின் லத்தீன் பெயரிலிருந்து டிலியாண்டர் ஆனார்கள்.

அந்த லின்னேயஸிடம் உப்சாலாவில் படித்தவர் மார்ட்டின் வால். நார்வேயில் பிறந்து, கோபன்ஹேகனில் பணிபுரிந்தவர். அப்போது நம் தரங்கம்பாடி டென்மார்க்கின் கையில் இருந்தது. 1620 முதல் 1845 வரை அங்கே அவர்கள் கொடிதான். லின்னேயஸின் இன்னொரு மாணவரான கோனிக் 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, சோழ மண்டலத்துச் செடிகளைச் சேகரித்தார். தரங்கம்பாடியில் அழுத்தி உலர்த்திய கிளைகள் கப்பலேறி வடக்கே போயின. வால் பெயர் சூட்டிய இந்தியச் செடிகளில் பல அந்த வழியாகப் போனவை. 1790இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஓர் இந்திய மரத்தை வர்ணித்தார். இலையைப் பார்த்ததும் அவருக்கு ஊர் நினைவு வந்திருக்க வேண்டும். இதய வடிவம், பல்வெட்டு விளிம்பு, அடியில் அந்தக் கோணல். ‘கிரூவியா டிலியிஃபோலியா’ என்று வைத்தார். டிலியிஃபோலியா என்றால் ‘லிண்டன் இலை கொண்டது’. கிரூவியா என்ற முன்பாதி, செடிகளின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து 1682இல் பெருநூல் எழுதிய ஆங்கிலேயர் நெகமையா க்ரூவின் நினைவாக லின்னேயஸ் முன்பே வைத்தது.

தமிழில் அந்த மரம் சடச்சி. உன்னு என்றும் தடசு என்றும் பெயருண்டு. மலையாளத்திலும் சடச்சி, உன்னம், கன்னடத்தில் தடசலு, வடக்கே தாமன். இத்தனை மொழியில் இத்தனை பெயர் ஒரு மரத்துக்கு இருந்தால், அது மனிதர் கைபட்ட மரம் என்று பொருள்.

எங்கே பார்க்கலாம்? பழனிசெட்டிபட்டியில் முல்லையாற்றுத் தடுப்பணை மேல் நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கின் இரண்டு சுவர்களும் தெரியும். மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாடு மேகமலைத் தொடர். பள்ளத்தாக்கு மழைமறைவில் கிடப்பதால் அடிவாரம் வறண்டது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் சாலை தென்பழனிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏறத் தொடங்குகிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பூக்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கீழ் வளைவுகளில் இருபுறமும் இருப்பது இலையுதிர் காடு. வெக்காலி, வேங்கையோடு சடச்சி சேர்ந்து வளரும் காட்டு வகை இதுதான். இன்னும் மேலே ஏறினால் காற்று மாறும், தேயிலை வரும், அதற்கப்பால் சோலைக்காடு. சடச்சி அங்கே போகாது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் அதன் இடம் இந்த இடைப்பட்ட உயரம்தான்: அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டரைச் சற்றுத் தாண்டும் வரை.

நல்ல இடத்தில் 20 மீட்டர் வரை வளரும். பட்டை சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, நார் நாராக வரும். கோடையில் இலை உதிர்த்து, புதுத்துளிரோடு பூக்கும். மஞ்சள் நிறச் சிறு பூக்கள் இலைக்கக்கத்தில் கொத்தாக இருக்கும். லிண்டனின் நாக்குச் செதில் இதற்கு இல்லை, தேவையும் இல்லை. காற்றை நம்பாத மரம் இது. பட்டாணி அளவுக் காய் சதைப்பற்றுள்ளது. ஒன்றாகவோ இரண்டு மடல் ஒட்டியதாகவோ இருக்கும். பழுத்தால் கறுத்து, புளிப்பும் இனிப்புமாய் இருக்கும். பறவையும் விலங்கும் தின்று விதையைச் சுமந்து போகும். வடக்கே வேனிற்காலத்தில் வண்டியில் வைத்து விற்கும் பால்சாப் பழம் இதே கிரூவியா பேரினம்தான்.

இலையில் லிண்டனைப் போலிருக்கும் சடச்சி, கட்டையில் நேரெதிர். கனமும் வலுவும் ஒரு பக்கம். அதைவிட முக்கியம், வளைந்து நிமிரும் குணம். அடி விழுந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், சட்டென்று முறியாது. ஒரே மரத்தில் உறுதியும் நெளிவும் சேர்வது எளிதில் கிடைக்காது. வடமொழியில் இதற்குத் தன்வனம் என்று பெயர். வில்லைக் குறிக்கும் தனுசுக்கு உறவான சொல். வில் செய்யத் தோதான மரம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கோடாலிக் காம்பு, மண்வெட்டிக் கணை, வண்டியின் ஏர்க்கால், தோளில் பாரம் தூக்கும் காவுகம்பு எல்லாவற்றுக்கும் இது ஏற்றது. ஓங்கி வெட்டும்போது உள்ளங்கை எரியாமல் இருக்க வேண்டுமானால் காம்பு கொஞ்சம் ‘கொடுக்க’ வேண்டும். கொல்லுப்பட்டறையில் இரும்பு அடித்துத் தந்தாலும் காம்பு எந்த மரம் என்பதில்தான் கருவியின் பாதி இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இந்தக் குணத்தைக் கண்டுகொண்டு கால்ஃப் மட்டைத் தண்டுக்கும் பில்லியர்ட்ஸ் கோலுக்கும் இதை எடுத்தார்கள். ஜெர்மனியின் லிண்டன் தேவாலயத்துக்குள் புனிதர்களாய் நின்றது. இங்கே அதன் பங்காளி வயலிலும் வண்டியிலும் கூலிவேலை பார்த்தது.

பட்டையில்தான் இரண்டும் மறுபடி ஒன்றாகின்றன. சடச்சியின் உட்பட்டை நாரும் கயிறுக்கு ஆகும். அதோடு இரண்டிலும் வழுவழுப்பான பசை உண்டு; பட்டையைத் தண்ணீரில் கசக்கினால் வெண்டைக்காய் போலக் கோழை வரும். இமயமலைச் சரிவில் ‘பீமல்’ என்ற கிரூவியாவை உத்தரகாண்ட் மக்கள் வீட்டோரம் வளர்க்கிறார்கள். இலை மாட்டுக்கு, நார் கயிறுக்கு, பட்டைக் கோழை தலைமுடி அலச. ஒரு குடும்பத்தின் மூன்று தேவையை ஒரு மரம் தீர்க்கிறது.

இந்த நாரையும் கோழையையும் மனிதனுக்கு முன்பே கண்டுபிடித்தது யானை. சடச்சிப் பட்டையை உரித்துத் தின்பதில் யானைக்குத் தனி ஆசை. பருத்திக்கு உறவான மரங்களையும் செடிகளையும் யானைகள் தேடித் தின்பதை, யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் தம் ஆய்வுகளில் எழுதியிருக்கிறார். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வு நிலத்தில், கைடியா என்ற இதே சுற்றத்து மரம் யானைகள் தின்று தின்றே எண்ணிக்கையில் சரிந்துபோனது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்திலும் யானைகள் இருக்கின்றன. காப்பகத்தின் பெயர் புலிக்கு. அங்கே சடச்சிப் பட்டை யானைக்கு.

‘பருத்திக்கு உறவான’ என்றேன். இங்கேதான் நம் பள்ளத்தாக்கு முழுக்க உள்ளே வருகிறது. பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்ஸியூ 1789இல் லிண்டனைத் தலையாக வைத்து ஒரு தனிக் குடும்பம் வகுத்தார். கிரூவியாவும் சணலும் அதில் சேர்ந்தன. பருத்தி, செம்பருத்தி, பூவரசு எல்லாம் வேறு குடும்பம். பிரிவினைக்கு முக்கியக் காரணம் ஒரு சின்ன விஷயம்: செம்பருத்திப் பூவில் மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டிக் குழலாகி நடுவில் நீண்டு நிற்கும், லிண்டனிலும் சடச்சியிலும் அவை குழலாகாமல் தூரிகை போல விரிந்திருக்கும். இருநூறு ஆண்டுக் காலம் இந்தப் பாகப்பிரிவினை நின்றது. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரபணுவைப் படித்தவர்கள் வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். லிண்டன் குடும்பம், இலவங் குடும்பம், பருத்திக் குடும்பம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. நட்சத்திர வடிவ நுண்மயிர், நார்ப்பட்டை, வழவழப்புக் கோழை என்று எல்லோருக்கும் பொதுவான அடையாளங்கள் முன்பே கண்ணுக்கு முன்னால் இருந்தவைதான்.

இந்தப் புதிய குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தேனியைச் சுற்றிப் பாருங்கள். நூற்பாலைகளில் ஓடுவது பருத்தி. வருசநாட்டிலும் கடமலைக்குண்டிலும் போடி மலையடிவாரத்திலும் காய்த்து, மெத்தைக்கும் தலையணைக்கும் போவது இலவம்பஞ்சு. சந்தைக்குப் போகும் வெண்டைக்காய். சரக்குக் கட்டும் சணல் சாக்கு. (பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு வேறு, அது அவரைக் குடும்பம்.) ஆற்றோரப் பூவரசு. அத்தனையும் லிண்டனுக்குச் சொந்தம். பூவரசின் அறிவியல் பெயரிலும் ஒரு ஐரோப்பிய மரம் ஒளிந்திருக்கிறது: ‘பாப்புல்னியா’, அதாவது பாப்லர் இலை போன்றது. பீப்பீ செய்து ஊதிய நம் பிள்ளைகளுக்குத் தெரியாத சாடை அது. பெயர் வைத்தவர்கள் தங்கள் ஊர் மரத்தை வைத்து நம் மரத்தை அளந்தார்கள். அதில் குற்றமில்லை, தெரிந்ததை வைத்துத்தான் தெரியாததைச் சொல்ல முடியும். அந்த நியாயப்படி, லிண்டனை ஒரு தேனிக்காரருக்கு விளக்க ‘சடச்சி இலை மரம்’ என்று நாமும் எழுதலாம்.

உன்னு என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்குச் சங்க இலக்கியத்து உன்ன மரம் நினைவுக்கு வரும். அரசனின் வெற்றி தோல்வியை நிமித்தமாகக் காட்டும் மரம் அது. தொல்காப்பியத்தில் ‘உன்ன நிலை’ என்று ஒரு துறையே உண்டு. பெயர் ஒற்றுமையை வைத்து இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. பதிற்றுப்பத்து காட்டும் உன்னத்துக்குச் சிறிய இலை. சடச்சியின் இலையோ உள்ளங்கை அகலம். பூவின் பொன்னிறம் மட்டும் பொருந்துகிறது. பாதிப் பொருத்தத்துக்குக் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது.

லிண்டனை இங்கே கொண்டுவந்து வளர்த்தால் என்ன என்று தோட்டக்காரர்கள் கேட்கலாம். திராட்சையை உதாரணம் காட்டுவார்கள். குளிர்நாட்டில் பனிக்காலமெல்லாம் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும் கொடியைக் கவாத்து செய்து செய்தே ஆண்டு முழுக்க விளைய வைத்தது இந்தப் பள்ளத்தாக்கு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கொடியை நறுக்கி எழுப்பலாம், எண்பது அடி மரத்தை ஆண்டுதோறும் கவாத்து செய்து எழுப்பிக்கொண்டிருக்க முடியாது. பனி இல்லாத ஊரில் லிண்டன் வீம்புக்கு வளர்க்கும் செடியாகத்தான் இருக்கும்.

அந்நிய மரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறொன்று இருக்கிறது. 2013 ஜூனில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்து லிண்டன் மரங்களுக்குப் பூத்த நிலையில் அசுவினிக்காக மருந்தடித்தார்கள். சுமார் 50,000 வண்டுத்தேனீக்கள் மரத்தடியில் செத்து விழுந்தன. நம் மேற்கு மலையில் ஏலக்காய் காய் பிடிப்பதே தேனீயால்தான். பூத்த மரத்துக்கும் பூத்த தோட்டத்துக்கும் எப்போது மருந்தடிக்கிறோம் என்பதைப் போடியிலும் கம்பத்திலும் இருப்பவர்கள் இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நட வேண்டியது சடச்சியைத்தான். கோடையில் இலை உதிர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். தேனீக்குப் பூ, பறவைக்குப் பழம், ஆட்டுக்குத் தழை, கோடாலிக்குக் காம்பு என்று எல்லாம் தரும். ஆனால் நாற்று வாங்கப் போனால் தேக்கு, மகாகனி, புங்கன், வேம்பு என்று அடுக்குவார்கள். சடச்சி கேட்டால் ‘அது காட்டு மரமாச்சே சார்’ என்பதுதான் பதில். காப்பகத்துக்குள் போய் நாமாக விதை பொறுக்க முடியாது, பொறுக்கவும் கூடாது. வனத்துறை நாற்றங்கால்கள்தான் அதைச் செய்ய வேண்டும். கோடைப் பூ முடிந்து மழைக்காலத்தில் பழம் கறுக்கும்போது விதை சேகரித்து, தேக்குக்கு ஒதுக்கும் பைகளில் நூறில் ஐந்தைச் சடச்சிக்குத் தந்தால் போதும். பழனிசெட்டிபட்டி ஆற்றங்கரையிலிருந்து நடவைத் தொடங்கலாம்.